ஓயாமல் முட்டையிடும் பெட்டை: பின்ச் குருவிக்கு ஓய்வுக் காலம் கொடுப்பது எப்படி

“அண்ணா, போன தீபாவளிக்கு ஒரு ஜோடி வாங்கினேன். இதோட அஞ்சாவது அடை. குருவி நல்லா செட் ஆயிடுச்சு!”

இப்படிச் சந்தோஷமாகச் சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் ராத்திரி எத்தனை மணிக்கு லைட்டை அணைப்பீர்கள்? ஓசூரில் இதற்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். “வீட்டுக்காரர் செகண்ட் ஷிஃப்ட். வந்து சாப்பிட்டுப் படுக்கப் பதினொன்றரை ஆயிடும்.” காலையில் பையனுக்கு வேன் வருவதால் ஐந்தரைக்கே லைட் எரியத் தொடங்கிவிடும். கூண்டோ டியூப்லைட்டுக்கு நேர் கீழே. அந்தப் பெட்டைக்கு ஒரு நாளில் 18 மணி நேரம் பகல்.

இந்த அத்தியாயம் அந்தப் பெட்டைக்காக எழுதப்பட்டது. ஒரு தடவையில் இட்டு, அடைகாத்து முடிக்கும் முட்டைகளை ‘ஓர் அடை’ என்று இங்கே சொல்கிறேன். ஆண்டுக்கு இரண்டு அடை போதும், மூன்று அதன் உச்சவரம்பு. அதற்கு மேல் போனால் குருவி செழிப்பாக இருக்கிறது என்று பொருளில்லை. நிறுத்த முடியாத நிலையில் அதை நாம் வைத்திருக்கிறோம் என்றே பொருள்.

பெட்டை ஏன் நிறுத்துவதில்லை?

நம் கடைகளில் அதிகம் விற்கும் ஜீப்ரா பின்ச்சின் சொந்த ஊர் ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாடு. அங்கே மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்தால் புல் முளைத்து, பால் பிடித்து, விதை கொட்டும். அந்தச் சில வாரங்களுக்குள் குஞ்சு பொரித்து வளர்த்துவிட வேண்டும். அதனால் அந்த இனம் நாட்காட்டி பார்ப்பதில்லை, அறிகுறி பார்க்கிறது. தண்ணீர் தாராளமாக இருக்கிறதா, மெத்தென்ற விதையும் பச்சையும் கிடைக்கிறதா, இரை தேட நீண்ட பகல் இருக்கிறதா, கூடு கட்ட இடமும் நாரும் இருக்கிறதா, பக்கத்தில் பாடும் ஆண் இருக்கிறதா. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்றால் உடல் முட்டை உருவாக்கத் தொடங்கிவிடும்.

காட்டில் இந்த ‘ஆம்’ தானாக முடிந்துபோகும். மழை நிற்கும், புல் காயும், குருவி ஓயும். நம் வீட்டுக் கூண்டில் மழைக்காலம் முடிவதே இல்லை.

பெங்காலி பின்ச்சும் அப்படித்தான். நம் நாட்டிலும் காணப்படும் வெண்முதுகுச் சில்லையின் வழியில் வந்து, ஜப்பானில் பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே வளர்ந்த பறவை அது. அடைகாப்பதில் இதற்கு இணையில்லை. வேறு குருவியின் முட்டையை வைத்தாலும் உட்காரும். அந்தக் குணமே அதை ஓயவிடாமல் செய்கிறது.

வெளிச்சம் இதில் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிய ஓசூர்க்காரர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மத்திகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே முட்டைக்கோழி வளர்ப்பைப் படித்தவர் யாரைக் கேட்டாலும், முட்டையிடும் பருவத்தில் கோழிக்கு நாளுக்கு 16 மணி நேர வெளிச்சம் கொடுப்பார்கள் என்று சொல்வார். சூரியன் போதாத நேரத்துக்குப் பல்பு போடுவார்கள். பறவையின் மூளைக்குள்ளேயே ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. மண்டையோட்டைக் கடந்து போகும் வெளிச்சம் அவற்றைத் தூண்ட, அங்கிருந்து சுரப்பிகளுக்கும் சூலகத்துக்கும் செய்தி போகிறது. பண்ணையில் திட்டமிட்டுச் செய்வதைத்தான் நாம் தெரியாமல் ஹாலில் செய்துகொண்டிருக்கிறோம்.

ஜீப்ரா பின்ச்சுக்கு வெளிச்சம் மட்டுமே காரணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அதற்குத் தீனியும் தண்ணீரும் அதே அளவு முக்கியம். நீண்ட பகல் என்பது நீண்ட சாப்பாட்டு நேரமும்கூட. ஆகவே ஒன்றை மட்டும் சரிசெய்து மற்றவற்றை அப்படியே விட்டால் பலன் கிடைக்காது. எல்லா அறிகுறிகளையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

ஒரு முட்டையின் விலை

ஜீப்ரா பின்ச்சின் எடை 12 முதல் 15 கிராம். ஒரு முட்டை ஏறத்தாழ 1 கிராம். ஓர் அடைக்கு 4 முதல் 6 முட்டை, நாளுக்கு ஒன்றாக, பெரும்பாலும் காலையில் இடும். ஒரு வாரத்துக்குள் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை முட்டையாகக் கொடுத்துவிடுகிறது. பிறகு 12 முதல் 14 நாள் அடை. பொரித்த குஞ்சு கூட்டை விட்டு வெளியே வர மேலும் 18 முதல் 21 நாள். அதற்குப் பின்னும் இரண்டு வாரம் ஊட்டுகிறது. இத்தனையும் முடியும் முன்பே, முதல் குஞ்சுகள் வாய் பிளந்து நிற்கும்போதே, அடுத்த முட்டையை இட்டுவிடும்.

ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச்சத்து தீனியிலிருந்து போதிய அளவு வராவிட்டால் எலும்பிலிருந்து போகும். அதுவும் குறைந்தால் ஓடு மெலியும், முட்டையைத் தள்ளும் தசைக்கு வலு இருக்காது, முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். ஓயாமல் முட்டையிடும் பெட்டைகள் பெரும்பாலும் சாவது இப்படித்தான்.

நான் வளர்த்த முதல் பெட்டையும் இப்படித்தான் போனது. முட்டைகளை அப்போதைக்கப்போது எடுத்துவிட்டால் குஞ்சு பெருகாது, குருவிக்கும் பாரம் குறையும் என்று நினைத்தேன். எடுக்க எடுக்க அது இட்டது. ஒரு ஜனவரி மாதக் குளிர் காலையில் கூண்டின் தரையில் உப்பிப்போய்க் கிடந்தது. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. முட்டையை எடுப்பது கட்டுப்பாடு அல்ல, இன்னொன்று இடு என்ற கட்டளை. இதை அந்தச் சின்ன உயிரிடமிருந்து கற்றேன்.

முதலில் ஒரு நோட்டு

காலண்டரின் பின்பக்கம் போதும். முதல் முட்டை இட்ட தேதி, எத்தனை முட்டை, அடை உட்கார்ந்த நாள், பொரித்த நாள், குஞ்சு வெளியே வந்த நாள், கூண்டில் லைட் எரிந்த மணி நேரம். இவ்வளவுதான். ஒரு மாதம் எழுதினால் உங்கள் வீட்டில் எது தூண்டுகிறது என்று தானே தெரியும். கீழே உள்ளவற்றையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்:

- கூண்டில் பானை, தென்னை நார்க் கூடு, ஆழமான தீனிக் கிண்ணம் என்று உட்காரத் தோதான எதுவும் இருக்கிறதா?
- தரையில் காகிதத் துண்டு, நார், உதிர்ந்த இறகு கிடக்கிறதா?
- பெட்டையின் கழுத்திலோ முதுகிலோ இறகு பிடுங்கிய வழுக்கை தெரிகிறதா? அடுத்த கூட்டுக்கு மெத்தை போட ஆண் பிடுங்கும் அடையாளம் அது.
- முட்டை ஓடு மென்மையாகவோ சொரசொரப்பாகவோ இருக்கிறதா?
- பெட்டை வழக்கத்தைவிட அதிக நேரம் தூங்குகிறதா?

கடைசி மூன்றில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் தாமதிக்க வேண்டாம். இந்த வாரமே ஓய்வைத் தொடங்குங்கள்.

இப்போது முட்டை இருந்தால்

பாதி அடையில் கூட்டைப் பிடுங்கி எறியாதீர்கள். வயிற்றில் இருக்கும் முட்டையைத் தீனிக் கிண்ணத்திலோ தரையிலோ இட்டுவிட்டு, பெட்டை இன்னும் தவிக்கும். இட்டு முடிக்கட்டும்.

குஞ்சு வேண்டாம் என்றால், முட்டை இட்ட அன்றே எடுத்து, சில நிமிடம் வேகவைத்து, நன்றாக ஆறவிட்டு, பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துத் திருப்பி அதே இடத்தில் வையுங்கள். கடையில் பின்ச் அளவுக்குப் பிளாஸ்டிக் முட்டை கிடைத்தால் அதையும் வைக்கலாம். மூன்று, நான்கு முட்டை ஆனதும்தான் குருவி முழுதாக அடை உட்காரும் என்பதால், அதற்கு முன் எடுக்கும் முட்டைக்குள் குஞ்சு உருவாகத் தொடங்கியிருக்காது. பல நாள் அடைகாத்த முட்டையை இப்படிச் செய்யாதீர்கள். அடை உட்கார்ந்து 5 நாள் கழித்து இருட்டில் சிறு டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கரு உள்ள முட்டையில் செந்நிற ரத்த நாளங்கள் தெரியும். அவை பொரிக்கட்டும். கூமுட்டை தெளிவாகவே இருக்கும்.

அவித்த முட்டையின் மேல் பெட்டை இரண்டு, மூன்று வாரம் உட்காரும். அதுவரை அது இன்னொரு முட்டை இடாது. பிறகு சலித்துப்போய்த் தானே எழுந்துவிடும். குஞ்சு உள்ள கூடாக இருந்தால், குஞ்சுகள் தாமாகத் தீனி கொத்தத் தொடங்கும் 35-ஆவது நாள் வரை காத்திருங்கள். இந்த இரண்டில் எது முடிகிறதோ, அன்று கூட்டை எடுங்கள். ஓய்வுக் காலம் அன்று தொடங்குகிறது.

கூட்டை எடுப்பது

பானை, நார்க் கூடு, மரப்பெட்டி எல்லாம் வெளியே போக வேண்டும். நார், வைக்கோல், பஞ்சு ஒன்றும் கூண்டுக்குள் இருக்கக்கூடாது. ஆழமான கிண்ணத்தை எடுத்துவிட்டுக் கம்பியில் மாட்டும் சின்னத் தீனிப் பெட்டி வையுங்கள். கூண்டின் மூலையில் மேலே உயரமாக இருக்கும் இருட்டு இடத்தையும் விடாதீர்கள். அங்கே ஒரு குச்சியைக் குறுக்கே போட்டால் உட்காரத் தோதுபடாது. உட்காரும் குச்சிகளின் இடத்தை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். கூண்டையே அறையின் வேறு பக்கத்துக்கு நகர்த்தினால் இன்னும் நல்லது. இது வீடு கட்டும் இடமில்லை என்று குருவிக்குப் புரியும்.

பெங்காலி பின்ச் கூட்டுக்குள்தான் கும்பலாகத் தூங்கும். கூடு இல்லாத ராத்திரிகளில் அதற்குக் குளிரும். டிசம்பர், ஜனவரியில் ஓசூரில் இது சின்ன விஷயம் அல்ல. கூண்டின் மூன்று பக்கமும் கனத்த பருத்தித் துணியால் மூடுங்கள். எல்லாம் சேர்ந்து நெருங்கி உட்கார ஒரே நீளக் குச்சி கொடுங்கள்.

வெளிச்சம்: ஷிஃப்ட் வீட்டுக்கான ஏற்பாடு

குளிர் நாடுகளில் எழுதப்பட்ட புத்தகங்கள் “குளிர்காலத்தில் குருவி தானே ஓயும்” என்று சொல்லும். அங்கே டிசம்பர் பகல் மிகக் குறுகியது. ஓசூரில் டிசம்பரில் ஏறத்தாழ 11 மணி 20 நிமிடப் பகல், ஜூனில் ஏறத்தாழ 13 மணி நேரம். ஆண்டு முழுவதும் வித்தியாசம் ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பெரிய வெயிலும் இல்லை. இந்த மண்ணில் ரோஜா எப்படி ஆண்டெல்லாம் பூக்கிறதோ, அப்படி இந்தக் குருவியும் ஆண்டெல்லாம் முட்டையிடும். ஓய்வை வானம் கொடுக்காது. நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஓய்வுக் காலத்தில் பகல் 10 முதல் 10½ மணி நேரம் இருக்கட்டும். ஒரே நாளில் குறைக்காமல் இரண்டு நாளுக்கு அரை மணி வீதம் குறையுங்கள். தீனியைக் கண்டுபிடித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் குருவி தூங்க வேண்டும். வீட்டின் வேலை நேரத்துக்கு ஏற்ப இப்படிச் செய்யலாம்:

*செகண்ட் ஷிஃப்ட் வீடு.* ராத்திரி லைட்தான் பிரச்சினை. மாலை 6.30-க்குக் கூண்டைத் துணியால் மூடுங்கள், காலை 8 மணிக்குத் திறங்கள். மெல்லிய துப்பட்டா போதாது. இரண்டாக மடித்த பழைய போர்வை வேண்டும். காற்று போக ஒரு பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், திறந்திருக்கட்டும்.

*முதல் ஷிஃப்ட் வீடு.* அதிகாலை லைட்தான் பிரச்சினை. ஐந்து மணிக்குக் கிளம்பும்போது துணியை எடுக்காதீர்கள். வீட்டில் இருப்பவர் எட்டு மணிக்கு எடுக்கட்டும். யாரும் இல்லாவிட்டால், ஜன்னல் பக்கம் மட்டும் திறந்து, அறையைப் பார்க்கும் பக்கத்தை அட்டையால் அடைத்துவிடுங்கள். விடிந்தால் குருவிக்கு விடியும், நம் லைட் அதற்குத் தெரியாது.

*நைட் ஷிஃப்ட் வீடு.* பகலில் திரை போட்டுத் தூங்குவோம், ராத்திரி நடமாட்டம் இருக்கும். குருவிக்குப் பகல் எது, ராத்திரி எது என்றே தெரியாமல் போகும். கூண்டைத் தூங்கும் அறையிலிருந்து எடுத்து, பூனை எட்டாத வராண்டா ஜன்னலுக்கு மாற்றுங்கள். சூரியனே அதற்கு மணி அடிக்கட்டும்.

ஒற்றை அறை லைன் வீட்டில் வேறு இடமில்லை என்பவர்கள் கூண்டை அடுப்புப் பக்கம் தள்ளிவிடாதீர்கள். தாளிக்கும் புகையும், அதிகமாகச் சூடேறிய நான்ஸ்டிக் தவாவின் ஆவியும் பறவையின் நுரையீரலைக் கெடுக்கும். அந்த ஆவி நிமிடங்களில் கொல்லவும் கூடும். டிவியின் வெளிச்சமும் வெளிச்சம்தான் என்பதை மறக்க வேண்டாம். மூடிய பிறகு நள்ளிரவில் திடீரென்று துணியை விலக்கிப் பார்க்காதீர்கள். பயந்து பறந்து கம்பியில் மோதும்.

தீனி: பட்டினி அல்ல, எளிமை

முட்டை உணவு, ஊறவைத்த தினை, முளைகட்டிய தானியம், தினமும் கொத்தமல்லித் தழை, இவையெல்லாம் குருவிக்கு ‘மழை பெய்துவிட்டது’ என்ற செய்தி. ஓய்வுக் காலத்தில் முட்டை உணவையும் ஊறிய தானியத்தையும் முழுதாக நிறுத்துங்கள். கீரை வாரம் இரண்டு நாள் மட்டும். உலர்ந்த தினையும் சாமையும் போதும். இவை நம் பக்கத்திலேயே விளைபவை. மளிகையில் வாங்கும்போது உமி நீக்காத தானியமாகக் கேளுங்கள். தீட்டிய அரிசி வடிவில் இருப்பது நமக்கு நல்லது, குருவிக்கு அல்ல. உமியை உரித்துத் தின்பதிலேயே அதன் நேரம் போகட்டும்.

கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அதிகம் என்பது தெரிந்ததே. 100 கிராமில் ஏறத்தாழ 340 முதல் 360 மில்லிகிராம். குருவி ஏற்றுக்கொண்டால் தினையோடு கொஞ்சம் கலக்கலாம். ஆனால் முட்டையிடும் பெட்டையின் தேவைக்கு அது மட்டும் காணாது. கடல்நுரை எப்போதும், எல்லாக் காலத்திலும், கூண்டில் தொங்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கிடைப்பதும், பறவைக் கடையில் விலை கூடக் கொடுத்து வாங்குவதும் ஒன்றே, கணவாய் மீனின் ஓடு. பொடிக்காத முழு ஓடாக வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, மென்மையான பக்கம் குருவியைப் பார்க்கக் கம்பியில் கட்டுங்கள். கோழி முட்டை ஓட்டைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, நொறுக்கிச் சின்னக் கிண்ணத்தில் வைப்பதும் நல்ல பழக்கம்.

சுண்ணாம்புச்சத்து உடலில் சேர வைட்டமின் டி வேண்டும். அதற்கு வேண்டிய கதிர் ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வராது. காலை வெயிலில் இருபது நிமிடம் கூண்டை வெளியே வையுங்கள். பாதிக் கூண்டு நிழலில் இருக்க வேண்டும், காக்கையும் பூனையும் பக்கத்தில் வராமல் ஆள் இருக்க வேண்டும்.

குடிதண்ணீரை ஒருபோதும் குறைக்காதீர்கள். குளிக்கும் தட்டை மட்டும் வாரம் ஒருமுறை என்று ஆக்குங்கள். தினமும் குளியல் என்பதும் அதற்கு மழைதான்.

ஆணையும் பெட்டையையும் பிரிப்பது

மேலே சொன்ன எல்லாம் செய்தும் மூன்று வாரத்தில் மறுபடி முட்டை வந்தால் பிரிக்கத்தான் வேண்டும். ஜீப்ரா பின்ச்சில் ஆணை அடையாளம் காண்பது எளிது. கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, மார்பில் வரிகள், விலாவில் வெள்ளைப் புள்ளி. வெள்ளை ரகத்தில் அலகைப் பாருங்கள். ஆணுக்கு ஆழ்ந்த சிவப்பு, பெட்டைக்கு வெளிறிய ஆரஞ்சு. பெங்காலியில் தோற்றத்தில் வித்தியாசமே தெரியாது. பாடுவது ஆண். ஒரு வாரம் காது கொடுத்துக் கேட்டுக் காலில் வளையம் மாட்டிக்கொள்ளுங்கள்.

தனியாக அடைப்பது தண்டனை. இவை கூட்டமாக வாழும் பறவைகள். ஆண்களை ஒரு கூண்டிலும் பெட்டைகளை இன்னொன்றிலும், ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி, வையுங்கள். பாட்டு கேட்பதை ஓரளவுதான் தடுக்க முடியும், முடிந்தவரை வேறு அறை நல்லது. பெட்டைகள் ஆண் இல்லாமலும் கூமுட்டை இடும் என்பதால், கூடும் நாரும் அங்கேயும் இருக்கக்கூடாது.

குஞ்சே வேண்டாம், குருவி சத்தம் மட்டும் வீட்டில் வேண்டும் என்பவர்களுக்கு என் அறிவுரை: இரண்டு ஆண் வாங்குங்கள். பாட்டு முழுதும் உங்களுக்கு, முட்டைக் கவலை இல்லை. கடையில் “ஜோடி” என்று கேட்டால் ஆணும் பெட்டையுமாகத்தான் கொடுப்பார்கள். நாம் கேட்டால்தான் மாற்றிக் கொடுப்பார்கள்.

குஞ்சுகளையும் 60 நாளுக்குள் ஆண், பெட்டை பார்த்துப் பிரித்துவிடுங்கள். மூன்று மாதத்தில் அவையும் முட்டையிடும் வயதுக்கு வரும், உடன்பிறந்தவற்றோடே சேரும். ஓர் அடையில் ஐந்து குஞ்சு என்றால், ஓராண்டில் ஒரு ஜோடி என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டையிடும் வயது வந்ததாலேயே உடல் தயார் என்று பொருளில்லை. முதல் அடைக்கு ஒன்பது மாதமாவது ஆகட்டும்.

எந்த மாதம் ஓய்வு?

நம் வயல்களைப் பார்த்தாலே விடை கிடைக்கும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கேழ்வரகு வயலில் மேயும் புள்ளிச் சில்லையும், மரத்தில் தொங்கவிட்டுக் கூடு பின்னும் தூக்கணாங்குருவியும் மழையை ஒட்டித்தான் கூடு கட்டுகின்றன. மழை ஓய்ந்து, கதிர் அறுத்தபின் அவையும் ஓய்கின்றன. கூண்டுக் குருவிக்கும் அந்த ஒழுங்கையே கொடுக்கலாம்.

ஓசூர், பாகலூர், தளி போன்ற மேட்டுப் பகுதியில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை கட்டாய ஓய்வு. குளிரில் முட்டை சிக்கும் ஆபத்து கூடுதல். கிருஷ்ணகிரி, பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் போன்ற தாழ்ந்த பகுதியில் இதோடு ஏப்ரல், மே வெயிலையும் சேர்த்து விலக்குங்கள். ஷீட் போட்ட வீட்டில் அந்தச் சூட்டில் கூட்டுக்குள் இருக்கும் குஞ்சு தாங்காது. அடை வைக்க ஜூன் முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். அதற்குள் இரண்டு அடை எடுத்து முடிக்கலாம்.

முட்டை சிக்கிக்கொண்டால்

அறிகுறிகள்: இறகை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்காருதல், வால் மேலும் கீழும் ஆடுதல், முக்குதல், அடிவயிறு வீங்குதல், எச்சம் வராமை, கால் தடுமாறுதல். இது காத்திருக்கும் நேரமல்ல.

1. ஒரு சின்ன அட்டைப்பெட்டியில் மெல்லிய துணி விரித்துக் காற்றோட்டத்துக்குத் துளை போடுங்கள்.
2. வெந்நீர் ஊற்றிய பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். உள்ளே 30 முதல் 32 டிகிரி இருக்கட்டும். சூடு தாங்காவிட்டால் குருவி விலகிப்போக மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும்.
3. பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியை வையுங்கள். ஈரக்காற்று உதவும்.
4. பெட்டியை மூடி, சத்தமில்லாத இடத்தில் வைத்துவிட்டு மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். ஓரிரண்டு மணி நேரத்தில் முட்டை வராவிட்டால் அப்படியே பெட்டியோடு கிளம்புங்கள்.

வயிற்றை அமுக்காதீர்கள். முட்டை உள்ளே உடைந்தால் பிழைப்பது அரிது. மனிதருக்கான கால்சியம் மாத்திரையைக் கரைத்து வாயில் ஊற்றாதீர்கள், புரையேறும். எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் இவ்வளவு சின்னப் பறவையைப் பார்க்கும் பழக்கம் இருக்காது. அதனால் அவசரம் வருவதற்கு முன்பே, பறவை பார்க்கும் மருத்துவர் யார் என்று விசாரித்து நம்பரை எழுதிக் கூண்டுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அத்திப்பள்ளியைத் தாண்டிப் பெங்களூரு போக வசதி உள்ளவர்களுக்கு ஹெப்பாளில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. போகும் முன் விசாரித்துக்கொண்டு போங்கள், சாலை நெரிசலில் குருவிக்கு நேரம் குறைவு.

செய்யக்கூடாதவை

அடைக்கோழியின் அடையைத் தெளிவிக்கத் தண்ணீரில் முக்குவதும், மூக்கில் இறகு செருகுவதும் கிராமத்து வழக்கம். இதை யாரும் பின்ச் குருவியிடம் செய்யக்கூடாது. 12 கிராம் உடல் ஒரு முக்கில் குளிர்ந்து செத்துவிடும். தீனியைப் பறித்துப் பட்டினி போட்டு நிறுத்த நினைப்பதும் கூடாது. இவ்வளவு சின்னப் பறவை ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது.

அதிகமான குஞ்சுகளைக் கெலவரப்பள்ளி அணைப் பக்கமோ ராமநாயக்கன் ஏரியிலோ திறந்துவிடுவது கருணை அல்ல. கூண்டில் பிறந்தது இரை தேடத் தெரியாமல் காக்கைக்கும் பூனைக்கும் இரையாகும். அதேபோல, வயலில் பிடித்த சில்லைகளை ‘நாட்டு பின்ச்’ என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அவை 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ளவை, கூண்டில் வைப்பதே குற்றம். ஜாவா குருவி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அது, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

மறுபடி பானை வைப்பது எப்போது?

ஓய்வு தொடங்கிய சில வாரங்களில் பெரும்பாலும் பெட்டை இறகு உதிர்க்கத் தொடங்கும். பயப்பட வேண்டாம். முட்டைக்குப் போய்க்கொண்டிருந்த சத்து இப்போது இறகுக்குப் போகிறது. வழுக்கையாக இருந்த கழுத்தில் முதலில் முள் போல முளை தெரியும், பிறகு மூடும். நாலு மாதம் கழித்துப் பாருங்கள். இறகு முழுதாகப் படிந்திருக்கிறதா, மார்பெலும்பு கத்தி போலத் துருத்தாமல் இருபுறமும் சதை இருக்கிறதா, தரையிலிருந்து மேல் குச்சிக்கு ஒரே பறப்பில் போகிறதா, கடல்நுரையில் கொத்திய தடம் இருக்கிறதா. நாலும் ‘ஆம்’ என்றால், மாதமும் சரியாக இருந்தால், பானையை வைக்கலாம்.

வைத்த தேதியை நோட்டில் எழுதுங்கள். அதற்குப் பக்கத்திலேயே, அதைத் திரும்ப எடுக்கப்போகும் தேதியையும் எழுதிவிடுங்கள். பெட்டைக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. அதற்காக அந்தத் தேதியை நினைவில் வைத்திருப்பது வளர்ப்பவரின் வேலை.